கடிவாளம் பூஜையில் இருந்த நாள்

நாங்கள் குடியிருந்தது சிங்கப்பூரில், ரேஸ்கோர்ஸ் சாலைக்கு அடுத்த சந்தில். பெயரைக் கேட்டுவிட்டு யாரும் ஏமாந்துபோக வேண்டாம், அந்தச் சாலையில் குதிரை ஒன்றுகூடக் கிடையாது. நான் பிறப்பதற்கு வெகுநாள் முன்பே பந்தயத் திடலைப் புக்கித் தீமா பக்கம் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெயரை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்தார்கள். எங்கள் பக்கம் இருந்ததெல்லாம் பால்காரர்களின் மாடுகள்தான். அவற்றுக்கே நான் ஒதுங்கி வழிவிட்டு நிற்பேன்.

குதிரையைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி, ஏழாம் மைல்கல் நிற்கும் ஏழாங்கல்லுக்குப் போக வேண்டும். அங்கே சவாரி பழகும் இடம் ஒன்றில் என் சித்தப்பா சைஸாக இருந்தார். குதிரையைக் குளிப்பாட்டி, தீனி போட்டு, சேணம் கட்டி, துரைமார் கையில் ஒப்படைத்து, அவர்கள் திருப்பிக் கொடுக்கும்போது மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்கிறவருக்குத்தான் சைஸ் என்று பெயர். லாயத்துக்குப் பின்னால் வரிசையாக இருந்த குவார்ட்டர்ஸில் ஓர் அறையும் சமையல்கட்டும் அவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

அப்பாவுக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. தம்பி குதிரைச் சாணம் அள்ளுகிறான் என்பதில் அவருக்கு மனத்தாங்கல் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு மட்டும், குடும்பத்தோடு அங்கே போவோம். லாயத்தின் வாசலோடு அவர் நின்றுவிடுவார். மூக்கில் கைக்குட்டை இருக்கும். "படிடான்னு தலையால அடிச்சுக்கிட்டேன்" என்று அம்மாவிடம் வருஷா வருஷம் சொல்வார். சித்தப்பா சிரித்துக்கொண்டே அண்ணனுக்கு நாற்காலி எடுத்துப் போடுவார்.

சித்தப்பாவின் ஒரே மகள் எனக்கு இரண்டு வயது இளையவள். நான் சொல்லப்போகும் வருஷத்தில் அவளுக்கு எட்டு, எனக்குப் பத்து. ஐம்பதுகளின் கடைசி அது. தங்கச்சிக்குக் குதிரைப் பைத்தியம் என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னது. மனிதர்களைக்கூட அவள் குதிரையாகத்தான் பார்த்தாள். "பெரியப்பாவுக்குப் பின்னங்கால் கொஞ்சம் வளைவு" என்று ஒருநாள் என் காதில் சொன்னாள். அன்றிலிருந்து அப்பா நடப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. தூக்கத்தில் கனைப்பாள் என்று சித்தி தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த லாயத்தில் மைனா என்றொரு கிழட்டுப் பெண்குதிரை இருந்தது. பலகையில் ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர் எழுதியிருந்தது. சித்தப்பா வாயில் அது நுழையாததால் மைனா ஆகிவிட்டது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்து, துரைமார் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. மத்தியானத்தில் அதை நடத்திக் கூட்டிப்போவது சித்தப்பாவின் வேலை. கயிற்றை அவர் பிடித்துக்கொள்ள, தங்கச்சி மேலே உட்கார்ந்து போவாள். அவர் இல்லாமல் குதிரையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. காரணம் இருந்தது. பக்கத்து லாயத்தில் ஒரு குதிரை கட்டவிழ்த்துக்கொண்டு பெரிய சாலைக்கு ஓடி லாரியில் அடிபட்டது. அந்த வாரமே அதன் சைஸுக்கு வேலையும் போயிற்று, குவார்ட்டர்ஸும் போயிற்று. அவர்கள் பானை சட்டியை வண்டியில் ஏற்றுவதைத் தங்கச்சி நின்று பார்த்திருக்கிறாள்.

அந்த ஆயுத பூஜைக்கு எல்லாச் சேணங்களையும் கடிவாளங்களையும் சோப்புப் போட்டுத் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பிரஷ், லாடம், வாளி எதையும் விடவில்லை. நான் என் கணக்குப் புத்தகத்தை வீட்டிலிருந்து சுமந்து வந்து அவற்றின் அடியில் சொருகிவிட்டேன். மறுநாள் காலை வரை தொடக்கூடாதல்லவா. குதிரைகளுக்கு நெற்றியில் பொட்டு, கழுத்தில் செவ்வந்தி மாலை. துரைமார்களும் விஷயம் தெரிந்து அன்று மத்தியானம் சவாரிக்கு வரவில்லை. வடை பாயசத்தோடு சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் மரத்தடியில் பாயை விரித்தார்கள். பெண்கள் பாத்திரத்தோடு மல்லுக்கு நின்றார்கள். விடியற்காலையிலிருந்து ஓடியாடிய சித்தப்பா கோணிச் சாக்கின்மேல் படுத்த மாத்திரத்தில் குறட்டை விட்டார்.

தங்கச்சி என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, வா. மைனாவை நடத்திட்டு வந்துடலாம்."

"உங்கப்பா சேணத்தைத் தொடக்கூடாதுன்னு சொன்னாரே!"

"யாரு தொட்டா? சேணம்தான் பூஜையில இருக்கு. மைனா இல்லியே. அவ நடக்கலன்னா காலு வீங்கிடும் லா அக்கா. அப்பா பாவம், தூங்குறாரு."

ஐந்தாம் வகுப்புப் படித்த என்னால் அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. பூஜைக்கும் பங்கம் இல்லை, குதிரைக்கும் உபகாரம், சித்தப்பாவுக்கும் ஓய்வு. இவ்வளவு நல்ல காரியத்தைச் செய்யாமல் இருப்பதுதான் பாவம் என்று தோன்றிவிட்டது. அவர் இல்லாமல் போகக் கூடாது என்ற கண்டிப்பை நாங்கள் இருவருமே வாயில் எடுக்கவில்லை.

கட்டிப்போடும் தலைக்கயிறு மட்டும் மைனாவின் முகத்தில் இருந்தது. தங்கச்சி வேலிக் கட்டையில் ஏறி ஒரே தாவில் மேலே உட்கார்ந்துவிட்டாள். புதுப் பட்டுப் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு நான் ஏறியதை விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. மூன்று தடவை வழுக்கினேன். மைனா பொறுமையாக நின்றது. அது என்னைப் போல எத்தனையோ பேரைப் பார்த்திருக்கும்.

லாயத்துக்குப் பின்னாலிருந்து சவாரிக்காரர்களின் தடம் ஒன்று ரப்பர் மரங்களுக்குள் போகும். அங்கிருந்து லாலாங் புல் மேட்டில் ஏறி, சீனர்களின் காய்கறித் தோட்டங்கள் ஓரமாகவே ரயில் பாதையைக் கடந்து, ஒரு சிற்றோடை வரை போய் நிற்கும். ரப்பர் மரங்களைத் தாண்டும் வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. தங்கச்சியின் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

"மூச்சு விடு அக்கா. நீ மூச்சைப் புடிச்சா அவளும் பயந்துக்குவா."

விட்டேன். எனக்குக் கீழே மைனாவும் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது. அந்த நிமிஷத்தில் என்ன ஆயிற்றோ, பயம் போய்விட்டது. கண்ணைத் திறந்தால் உலகம் கீழே கிடந்தது. எப்போதும் என் தலைக்குமேல் நிற்கும் லாலாங் புல் என் முழங்காலுக்குக் கீழே ஆடியது. சேணம் இல்லாததால் குதிரையின் சூடு நேராக உடம்பில் ஏறியது. அதன் தோள் முன்னும் பின்னும் போவது எனக்குத் தெரிந்தது. ஒரு வேலிக்குப் பின்னால் பன்றிகள் நின்றன. அந்த வாடைக்கு மைனா முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தது. எங்கள் அப்பாவின் கைக்குட்டை ஞாபகம் வந்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். தங்கச்சி ஏன் என்று கேட்காமலே சேர்ந்துகொண்டாள்.

"ஓட விடட்டுமா? கொஞ்சமா?"

"விடு!" என்றேன். நான்தான் சொன்னேன், நம்பமாட்டீர்கள்.

மேட்டில் ஒரு முப்பது நாற்பது அடி தூரம்தான் ஓடியிருக்கும். பல் கடகடத்தது, பின்னல் அவிழ்ந்தது, காதில் காற்று இரைந்தது. வீட்டில் பெண்பிள்ளை சத்தமாகச் சிரித்தால் அம்மா ஒரு பார்வை பார்ப்பார். அங்கே பார்க்க யாரும் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததே இல்லை. அதற்குப் பிறகும் நாலைந்து தடவை இருந்திருந்தால் அதிகம்.

ஓடைக்கரையில் ஒரு கொய்யா மரம் இருந்தது. தங்கச்சி கயிற்றை என் கையில் கொடுத்தாள். "விடாத, என்ன?" என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லிவிட்டு மரத்தில் ஏறினாள். நானும் வீராங்கனை போலத்தான் நின்றேன். அம்மா அன்று காலையில் என் தலையில் முழுக்க மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார். மைனாவுக்கு அந்த வாசனை எட்டியது. மெதுவாகத் தலையை நீட்டி, ஈரமான உதட்டை என் பின்கழுத்தில் வைத்து, பூவைப் பிடித்து இழுத்தது. என் வாயிலிருந்து வந்த அலறல் ஏழாங்கல் முழுக்கக் கேட்டிருக்கும். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன். தலையைப் பிடிக்க வேண்டுமானால் கயிற்றை விடத்தானே வேண்டும்?

மைனா இரண்டடி துள்ளியது. பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பி, வந்த வழியே நடக்கத் தொடங்கியது. கயிறு தரையில் இழுபட்டது. நாங்கள் நடந்தால் அது நடந்தது, ஓடினால் அது ஓடியது. எங்களுக்கும் அதற்கும் இடையே பத்தடி தூரம் மட்டும் குறையவே இல்லை. தங்கச்சி கெஞ்சினாள், கொஞ்சினாள், கொய்யாப்பழத்தை நீட்டினாள். தோட்டத்து வளைவு திரும்பியதும் ஓட்டமெடுத்தது. நாங்கள் வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதை காலியாக இருந்தது.

தங்கச்சி என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. பாதை நடுவில் நின்றுகொண்டு, "பெரிய ரோட்டுக்குப் போயிட்டா என்ன அக்கா பண்றது? எங்களையும் காலி பண்ணச் சொல்லிடுவாங்க" என்றாள். வண்டியில் ஏறிய அந்தப் பானை சட்டியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சித்தப்பாவுக்கு வேறு வேலை தெரியாது. என் ஒரு கையால் மூன்று பேரின் வீட்டை அவிழ்த்து விட்டுவிட்டேன். காத்தோங்கில் இருந்த அத்தை வீட்டுக்கு அப்படியே ஓடிப்போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். எந்தப் பஸ் என்று தெரியாததால் அந்த எண்ணம் அதோடு நின்றது.

ரயில் பாதை அருகில் வந்தபோது ரயிலின் கூவல் கேட்டது. தங்கச்சி என் கையை உதறிவிட்டு ஓடினாள். நான் காதைப் பொத்திக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டேன். தடதடவென்று எல்லாப் பெட்டிகளும் போய் முடியும் வரை எனக்கு உயிர் இல்லை. போனபின் அவள் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இல்ல அக்கா! இங்க இல்ல!" என்று கத்தினாள். குதிரையைக் காணோம் என்பதற்காக நாங்கள் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சீனக் கிழவர் ஒருவரிடம் தங்கச்சி மலாயில் கேட்டாள். "குடா? அடா நம்பாக்?" குதிரையைப் பார்த்தீர்களா என்று அர்த்தம். கிழவர் வாளியை வைத்துவிட்டு, தன் நெற்றியில் விரலால் ஒரு பொட்டு வைத்துக் காட்டி, கழுத்தைச் சுற்றி மாலை போட்டுக் காட்டி, பொக்கை வாயால் சிரித்தார். பிறகு லாயம் இருக்கும் திசையில் கையை நீட்டினார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தோம். ரப்பர் மரங்களுக்குள் வரும்போது தங்கச்சி திடீரென்று சொன்னாள்: "நான்தான் கயிறை விட்டேன்னு சொல்றேன். நீ பேசாத. நீ விருந்தாடி." எட்டு வயசுப் பிள்ளை! நான் மூத்தவள், வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சரி என்று தலையாட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

லாயத்து முற்றத்தில் ஒரே கூட்டம். கூட்டத்துக்கு நடுவில் மைனா நின்றுகொண்டிருந்தது. முழுசாக, நான்கு காலோடு, பாதி மாலையைத் தின்றுவிட்டு, தீனி ஏன் இன்னும் வரவில்லை என்ற பாவனையில் நின்றது. என் வயிற்றில் பால் வார்த்தது. வேலை போகாது, வீடு போகாது. பானை சட்டியெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்! "வந்துட்டா அக்கா, வந்துட்டா" என்று தங்கச்சி குதித்தாள். நானும் குதித்தேன்.

எங்களைப் பார்த்ததும் சித்தி ஓடிவந்து இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு அறை விட்டாள். விட்ட கையோடு கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அம்மா என் பாவாடையில் ஒட்டியிருந்த குதிரை ரோமத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார். எல்லாவற்றையும்விட ஆச்சரியம் அப்பா. லாயத்துக்குள் காலே வைக்காதவர், மைனாவின் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். கைக்குட்டையைக் காணோம்.

சித்தப்பா மட்டும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. மைனாவின் முன்னங்கால் அருகில் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். முழங்காலைத் தடவினார். அங்கிருந்து குளம்பு வரைக்கும் கையைக் கொண்டுபோனார். மறுபடியும் அதே முழங்கால்.

"அப்பா, நான்தான் கயிறை விட்டேன்" என்றாள் தங்கச்சி.

"சரிம்மா" என்றார். தலையைத் தூக்கவில்லை. மறுபடியும் அந்தக் காலையே பிடித்துக்கொண்டு குனிந்துகொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற மகள் ஓடைக்கரை வரை போய் ரயிலுக்குத் தப்பி வந்து நிற்கிறாள். ஒரு பார்வை உண்டா? அடிபட்டதா என்று ஒரு கேள்வி உண்டா? குதிரைக்குக் கால் சுளுக்கியிருக்கிறதா என்பதுதான் பெரிதாகப் போயிற்று அந்த மனிதருக்கு. பஸ்ஸில் திரும்பும்போது அப்பாவிடம் அதைச் சொன்னேன். "சித்தப்பாவுக்கு எங்களவிட அந்தக் குதிரைதான் உசத்தி" என்றேன். தம்பியைப் பற்றிக் குறை சொல்ல எப்போதும் தயாராக இருக்கிறவர், ஆமாம் என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"வாயை மூடிக்கிட்டு வா" என்றார் அப்பா. வழியெல்லாம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அதுவும் அநியாயமாகப் பட்டது. அந்தத் தாங்கலை நான் ரொம்ப வருஷம் மனசில் வைத்திருந்தேன்.

என் மகன் கல்யாணத்தில் பந்தி முடிந்து, தங்கச்சியும் நானும் காலை நீட்டி உட்கார்ந்து பழங்கதை பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அவள், பின்னாளில் சித்தப்பா தன் அம்மாவிடம் சொல்லி, அம்மா தனக்குச் சொன்னதை எனக்குச் சொன்னாள். மைனா தனியாக, கயிறு இழுபட வந்ததும் பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு அலறியிருக்கிறார்கள். ஆட்களை நாலு பக்கமும் அனுப்பக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சித்தப்பா மட்டும் குதிரையிடம் போயிருக்கிறார். முதுகில் இரண்டு பேர் உட்கார்ந்த தடம் இருக்கிறது. மார்பில் வேர்வை இல்லை, மிரண்டு ஓடவில்லை. முழங்காலில் சிராய்ப்பு இல்லை, மண் இல்லை, ஆகவே குதிரை விழவில்லை. குதிரை விழவில்லையென்றால் பிள்ளைகள் அதன் அடியில் சிக்கவில்லை. வாயைத் திறந்து பார்த்தால் பல்லிடுக்கில் மல்லிகைச் சரம். கழுத்து மாலையில் மல்லிகை கிடையாது, அது பெரிய பிள்ளையின் தலையில்தான் இருந்தது. பெரிய பிள்ளை கீழே இறங்கி, குதிரை வாய்க்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது. கயிறு அவள் கையில்தான் இருந்திருக்கிறது. அந்தச் சரத்தை, என் அம்மா கண்ணில் படுவதற்குள், வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டாராம். பிறகு எழுந்து, "விழல. ரெண்டும் நடந்துதான் வருதுங்க. அழாதீங்க" என்று எல்லாருக்கும் சொன்னாராம். குதிரை வந்த வழியிலேயே நாங்களும் வருவோம் என்று சொல்லி, ஒருவேளை வழி தவறினால் என்று இரண்டு ஆட்களைப் பெரிய சாலைக்கு மட்டும் அனுப்பிவைத்திருக்கிறார்.

"பாரு, அவ்வளவு தைரியமான மனுஷன்" என்றேன் நான்.

"தைரியமா!" என்று தங்கச்சி சிரித்தாள். அப்போதே கண் நிறைந்துவிட்டது. "எல்லாருக்கும் சொல்லிட்டாரு, தனக்குத்தான் நம்பிக்கை வரல. முழங்கால்ல காயம் இருக்கா இருக்கான்னு அதையே தடவிக்கிட்டு இருந்தாராம். நம்ம குரல் கேட்டதும் எந்திரிக்கப் பார்த்தாரு அக்கா. முடியல. காலு ரெண்டும் விட்டுப்போச்சு. பக்கத்துல நின்ன பெரியப்பா மட்டும் பார்த்துட்டு, மைனா நகராம கயித்தப் புடிச்சுக்கிட்டாரு."

பத்து வயதில் நான் பார்த்தது, மகளைத் திரும்பிப் பார்க்காமல் குதிரையின் காலைத் தடவிக்கொண்டிருந்த ஒருவரை. அந்தக் காலைப் பிடித்திருக்காவிட்டால் அவர் அங்கேயே தரையில் சாய்ந்திருப்பார் என்பது எனக்குத் தெரியவில்லை.